குரைக்கிற நாய் கடிக்காதா?

கால்நடை கேள்வி–பதில்

‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்பது பழமொழி. நாய்க்கடி ஊசிக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்கள் யாரும் அதை நம்ப மாட்டார்கள். குரைக்கிற நாயும் கடிக்கும், குரைக்காத நாயும் கடிக்கும். ஆனால், பெரும்பாலான நாய்கள் சொல்லிவிட்டுத்தான் கடிக்கின்றன. வாலால், காதால், கண்ணால், கொட்டாவியால் அவை சொல்வது வீட்டுக்காரர்களுக்குப் புரிவதில்லை. மாடு ஒரு வேளை அசை போடவில்லை என்றால் வீடே பதறுகிறது. நாய் மூன்று மாதமாக ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் குழி பறித்தால் ‘அதுக்கு வேற வேலையில்லை’ என்று விட்டுவிடுகிறோம். காவலுக்கும் துணைக்கும் நாய் வளர்க்கும் குடும்பங்களிடமிருந்து வந்த ஐந்து கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

“எங்கள் தோட்டத்து நாட்டு நாய்க்கு நாலு வயது. மூன்று மாதத்துக்கு முன் கன்றுக்குட்டி வாங்கியதிலிருந்து, அதைத் துரத்துகிறதே என்று இரவு பகலாகக் கட்டிப்போட்டிருக்கிறோம். போன வாரம் நாய் சாப்பிடும்போது பக்கத்தில் விழுந்த பந்தை எடுக்கப் போன ஆறு வயதுப் பேரனின் கையைக் கவ்விவிட்டது. பல் பட்டு ரத்தம் வந்தது. பேரனுக்கு ஊசி போட்டுவருகிறோம். என் வீட்டுக்காரர் ‘அடித்துப் போடு’ என்கிறார். மகன் மலையடிவாரத்தில் கொண்டுபோய் விடலாம் என்கிறான். குட்டியிலிருந்து சோறு போட்ட கை, மனசு கேட்கவில்லை. என்ன செய்வது?”
– ஒட்டன்சத்திரம் பகுதி வாசகி

முதலில் பேரன், பிறகு நாய்.

கடித்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. ரேபிஸ் கிருமியைப் பெருமளவு குறைப்பது இந்தக் கழுவல்தான். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. ரத்தம் வந்த காயம் என்றால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. அது போடப்பட்டதா என்று டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ம் நாட்களிலும், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28-ம் நாட்களிலும் ஊசி போடப்படுகிறது. ‘காயம் ஆறிவிட்டதே’ என்று நடுவில் நிறுத்திவிடக் கூடாது. ரேபிஸ் வந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். வராமல் தடுப்பது நிச்சயம் முடியும்.

அடுத்து நாய். கோபத்தில் அதை அடித்துக் கொன்றால், பேரனுக்கான முக்கியமான தகவலைக் கொன்றதாகிவிடும். கடித்த நாயைக் கடித்த நாளிலிருந்து 10 நாள் கவனிக்க வேண்டும். எச்சிலில் ரேபிஸ் கிருமி இருக்கும் நிலையில் உள்ள நாய், அந்த 10 நாட்களுக்குள் நோய் காட்டிவிடும் அல்லது செத்துவிடும். குரல் மாறுவது, தாடை தொங்கி எச்சில் வடிவது, கண்டதையும் கடிப்பது, ஒதுக்குப்புறமாகப் பதுங்குவது, நடை தள்ளாடுவது ஆகியவை அறிகுறிகள். இவற்றில் ஏதாவது தெரிந்தாலோ, நாய் காணாமல் போனாலோ அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். 10 நாளும் நாய் நன்றாக இருந்தால் அதையும் சொல்லலாம். ஊசியைத் தொடர்வதா என்பதை அவர் முடிவு செய்வார். கவனிக்கும் நாட்களில் நாயைப் பெரியவர் ஒருவர் மட்டுமே கையாள வேண்டும். கால்நடை மருத்துவரிடம் தகவல் கொடுத்துவிடுவது நல்லது.

மலையடிவாரத்தில் விடுவது தீர்வாகாது. பசியோடு அலையும் நாய் இன்னொரு ஊரின் ஆட்டுப்பட்டியில் நுழையும், இன்னொரு வீட்டுக் குழந்தையை எதிர்கொள்ளும். விஷம் வைப்பதும் அடித்துக் கொல்வதும் 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

சரி, நாலு வருடம் சாதுவாக இருந்த நாய் ஏன் கவ்வியது? கடிதத்திலேயே இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, சாப்பாடு. தட்டில் சோறு இருக்கும்போது நெருங்கி வருகிற கையை ‘பிடுங்க வருகிறது’ என்றுதான் பல நாய்கள் நினைக்கும். பந்துக்குத்தான் கை நீள்கிறது என்பது அதற்குத் தெரியாது. இரண்டு, சங்கிலி. அவிழ்த்துவிட்ட நாய் பயந்தால் விலகிப் போகலாம். கட்டிய நாய்க்கு விலக இடமில்லை. மிச்சம் இருப்பது பல் ஒன்றுதான். மூன்று மாதமாகக் கன்றுக்குட்டி கண்ணெதிரே துள்ளுகிறது, ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள், இதனால் எதையும் நெருங்கிப் பார்க்க முடியவில்லை. அந்த ஏக்கமும் எரிச்சலும் சேர்ந்து சாதுவான நாயைக்கூடக் கடிக்கிற நாயாக மாற்றிவிடும்.

மூன்றாவதாக, கடிதத்தில் இல்லாத ஒரு காரணமும் இருக்கலாம். அது வலி. காதில் சீழ், விரலிடுக்கில் உண்ணி, ஆடும் பல், கழுத்துப்பட்டை அறுத்த புண் என்று ஏதாவது இருந்தால் தொட வருகிற யாரையும் நாய் கடிக்கும். திடீரென்று குணம் மாறிய நாயை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

10 நாள் கழிந்து, நாயும் நலமாக இருந்தால் செய்ய வேண்டியவை:

• நாளெல்லாம் கட்டிவைப்பதை நிறுத்த வேண்டும். நாயைக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டிவைப்பதும், எப்போதும் கட்டிக்கிடக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதும்கூட மேலே சொன்ன சட்டத்தில் குற்றம்தான்.

• காலையும் மாலையும் அரை மணி நேரம் வரப்போரம் நடத்திக் கூட்டிப் போக வேண்டும். இழுத்துக்கொண்டு ஓடாமல், அது மோந்து பார்க்கிற இடத்தில் நிற்க விட வேண்டும். நமக்குத் தினசரிப் பத்திரிகை எப்படியோ, நாய்க்கு மோப்பம் அப்படி.

• கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு கம்பத்துக்கு நடுவே 30, 40 அடிக்குக் கம்பி இழுத்து, அதில் வளையம் கோத்துச் சங்கிலியை மாட்டலாம். நாய் கம்பியோடு போய் வரும். கம்பத்தில் சுற்றிக்கொள்ளாதபடி இரு முனையிலும் தடுப்பு வேண்டும். நிழலும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கிணற்று மேடு, மதில் பக்கம் கூடவே கூடாது. எகிறினால் தூக்கு மாட்டிக்கொள்ளும்.

• சாப்பாட்டைக் குழந்தைகள் போகாத மூலையில், ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். தின்று முடித்து நாய் நகர்ந்த பிறகே தட்டை எடுக்க வேண்டும். ‘பழக்குகிறேன்’ என்று தின்னும்போது தட்டைப் பிடுங்கினால் பயம் கூடும், கடி நிச்சயமாகும்.

• கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்த நாயோடு, தூரத்திலிருந்து பழக்க வேண்டும். துரத்தாமல் நிற்கும்போதெல்லாம் ஒரு துண்டு கருவாடோ முட்டையோ கொடுக்கலாம். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஒரே நாளில் நடக்காது, வாரக்கணக்கில் ஆகும்.

• பேரனையும் நாயையும் பெரியவர் துணையில்லாமல் சேர்ந்து இருக்க விடக் கூடாது. இது இந்த நாய்க்கு மட்டுமான விதி இல்லை. எந்த வீட்டு நாய்க்கும், எந்தக் குழந்தைக்கும் பொருந்தும்.

இத்தனைக்குப் பிறகும் ஆழமாகக் கடிக்கிற நாய், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இருக்கக் கூடாது. அப்போது பிள்ளைகள் இல்லாத தோட்டத்தில் கேட்பவர்களிடம், கடித்த விவரத்தை மறைக்காமல் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால், இந்த நாய் அந்த நிலைக்கு வந்துவிட்டதாகக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. மூன்று மாதச் சங்கிலிக்குப் பிறகு, தின்னும் நேரத்தில் ஒரு முறை கவ்வியிருக்கிறது. முறையை மாற்றிப் பார்க்க அதற்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது.

கடிக்கும் முன் நாய் சொல்வது என்ன?

– முகத்தைத் திருப்பிக்கொள்வது, தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவது, தின்னாதபோது நாக்கால் மூக்கை நக்குவது: ‘எனக்குச் சங்கடமாக இருக்கிறது, கொஞ்சம் விலகு.’

– காது பின்னால் மடங்குவது, வால் காலிடுக்கில் போவது, உடம்பு தாழ்வது: ‘பயமாக இருக்கிறது.’

– தலை அசையாமல் கண் மட்டும் திரும்பி, வெள்ளை விழி பிறை போலத் தெரிவது: ‘பக்கத்தில் வராதே.’

– உடம்பு விறைத்து, அசைவில்லாமல் நிற்பது: கடிக்கு முந்தைய கடைசி நொடி இதுவாக இருக்கலாம்.

– உறுமல்: வாய்விட்டுச் சொல்லும் எச்சரிக்கை. உறுமியதற்காக அடித்தால் நாயின் பயம் போகாது, உறுமுவது மட்டும் போய்விடும். அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும்.

– வால் ஆட்டுவதெல்லாம் நட்பு இல்லை. இடுப்போடு சேர்ந்து உடம்பே தளர்வாக ஆடினால் நட்பு. வால் மேலே விறைத்து, நுனி மட்டும் வேகமாகத் துடித்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

“பக்கத்துத் தோட்டத்து நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. கண் திறந்துவிட்டது. ஆட்டுப்பட்டிக் காவலுக்கு ஒன்று கேட்டிருக்கிறேன். சீக்கிரம் கொண்டுவந்தால்தான் நம்மிடம் ஒட்டும் என்கிறார்கள். எப்போது எடுக்கலாம்?”
– மணப்பாறை பகுதி வாசகர்

குட்டிக்குக் கண் திறப்பது பிறந்து 10 முதல் 14 நாளில். அப்போது எடுத்தால் ஒட்டாது, நலியும். எட்டு வாரம் தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்க வேண்டும். விளையாட்டாகக் கடிக்கும்போது எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. பலமாகக் கடித்தால் மற்றது கத்தும், விளையாட்டு நின்றுபோகும். இந்தப் பாடம் படிக்காத குட்டி, வளர்ந்த பிறகும் பல்லை அடக்கத் தெரியாமல் இருக்கும்.

அதற்காக எட்டு வாரம் வரை கண்டுகொள்ளாமல் விட்டுவிடவும் கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் 12–14 வாரம் வரை, குட்டியின் மனசு புதியவற்றை எளிதாக ஏற்கும் காலம். 1961-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், உயரமான வேலி போட்ட வயலில் மனிதர்களோடு பழக விடாமல் குட்டிகளை வளர்த்தார்கள். 14 வாரம் வரை மனிதத் தொடர்பே கிடைக்காத குட்டிகள், காட்டு விலங்கைப் போல ஆளைக் கண்டால் மிரண்டன. அந்த வயதுக்குப் பிறகு பழக்குவது பெரும்பாடாகிவிட்டது.

ஆகவே, இப்போதே பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்த் தாய் அனுமதிக்கிற அளவுக்குக் குட்டியைத் தினமும் சிறிது நேரம் கையில் எடுத்துப் பழகலாம். எட்டு வாரத்தில் கொண்டுவந்ததும், பெரியவர், குழந்தை, தலைப்பாகை கட்டியவர், கைத்தடி ஊன்றியவர் என்று பல வகை ஆட்களையும், டிராக்டர், மோட்டார் சத்தத்தையும், முக்கியமாக ஆடுகளையும் பயமில்லாமல் பார்க்கப் பழக்க வேண்டும். பட்டிக் காவலுக்கான குட்டி ஆடுகளின் வாசத்திலேயே தூங்கி எழ வேண்டும். முட்டுகிற கிடாவை மட்டும் தள்ளிவைக்கவும். ஒரே ஒரு மோசமான இடி, ஆயுளுக்கும் பயம் கொடுத்துவிடும்.

மூன்று மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசி, மருத்துவர் சொல்கிறபடி ஊக்க ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். அந்த நாட்களையொட்டிக் கால்நடைத் துறை இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடத்துவது வழக்கம்.

“எங்கள் நாய் இரண்டு நாட்டுக்கோழிகளைக் கொன்றுவிட்டது. செத்த கோழியை அதன் கழுத்தில் கட்டி அடித்தால் திருந்தும் என்று மாமியார் சொல்கிறார். அடித்தபோது தலையைக் குனிந்துகொண்டு தப்பை ஒப்புக்கொண்ட மாதிரிதான் நின்றது. ஆனால் மறுபடியும் துரத்துகிறது.”
– அந்தியூர் பகுதி வாசகி

கிராமங்களில் காலங்காலமாகச் செய்யும் வைத்தியம் இது. பலன் இல்லாததற்குக் காரணம் உண்டு. நாய் ஒரு செயலையும் அதன் விளைவையும் இணைத்துப் புரிந்துகொள்ள, இரண்டும் ஓரிரு நொடிக்குள் நடக்க வேண்டும். காலையில் கொன்ற கோழிக்கு மத்தியானம் அடித்தால், ‘வீட்டம்மா கையில் குச்சியோடு வந்தால் ஆபத்து’ என்பதை மட்டுமே அது கற்றுக்கொள்ளும்.

தலை குனிந்து நிற்பது குற்றவுணர்ச்சி என்று நினைப்பது இயல்பு. 2009-ல் அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 வீட்டு நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்னக்கூடாது என்று சொல்லித் தின்பண்டத்தை வைத்துவிட்டு வீட்டுக்காரர் வெளியே போவார். திரும்பும்போது, நாய் தின்றதாகச் சில முறை உண்மையும் சில முறை பொய்யும் சொல்லப்பட்டது. தின்றதோ இல்லையோ, திட்டு வாங்கிய நாய்கள்தான் தலை குனிந்து, காதை மடக்கி நின்றன. தின்னாமலேயே திட்டு வாங்கியவை இன்னும் அதிகமாகக் குனிந்தன. அதாவது, அந்தப் பார்வை எஜமானரின் கோபத்துக்கு நாய் காட்டும் பயம்.

அப்படியானால் வழி என்ன? ஓடுவதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம். அதை அழிக்க முடியாது, திசை திருப்பலாம். கோழிகள் மேயும் நேரத்தில் நாய் அவிழ்ந்து இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறை துரத்தும்போதும் அந்தச் சுகம் கூடும், பழக்கம் இறுகும். நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, கோழிகள் தெரிகிற தூரத்தில் உட்கார வைத்து, கோழியைப் பார்த்துவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் கணத்தில் தின்பண்டம் கொடுத்துப் பழக்க வேண்டும். அடைகாக்கும் கோழியும் குஞ்சுகளும் உள்ள காலத்தில் இந்தச் சோதனையே வேண்டாம், வேலி போட்டுவிடுவது உத்தமம்.

வயிறும் காரணமா என்று பார்க்க வேண்டும். மிச்சச் சோறும் ரசமும் மட்டும் தின்கிற நாய்க்குப் புரதம் போதாது. கம்பு, ராகிக் களியோடு முட்டை, வேகவைத்த கோழிக்குடல், கருவாடு சேர்த்துக் கொடுக்கலாம். வேகவைத்த கோழி எலும்பு கூடாது. கூராக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய் வம்சமாக இருந்தால் ஓட்டம் இன்னும் அதிகமாகத் தேவைப்படும். கண்ணால் கண்டதைத் துரத்துவதற்கென்றே தலைமுறைகளாக வளர்க்கப்பட்டவை அவை. விடியற்காலையில் வேலியிட்ட இடத்தில் நன்றாக ஓட விட்டால், பகலில் அமைதியாகப் படுத்திருக்கும். முயல் வேட்டைக்கு மட்டும் விடக் கூடாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

“வெள்ளை ராஜபாளையம் குட்டி வாங்கி ஐந்து மாதமாகிறது. கூப்பிட்டால் வருவதே இல்லை. திமிர் பிடித்தது என்று நினைத்தோம். தூங்கும்போது தொட்டால் சீறிக்கொண்டு எழுகிறது. பழக்க முடியுமா?”
– கோவில்பட்டி பகுதி வாசகர்

திமிர் என்று முடிவு கட்டுவதற்கு முன் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய நாயினங்களில் ராஜபாளையமும் ஒன்று. பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் பெருமை. ஆனால், அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உள்காதிலும் தேவை. வெள்ளை நாய்கள் சிலவற்றுக்கு அவை அங்கே இல்லாமல் போவதால், பிறந்த சில வாரங்களிலேயே காது கேளாமை வந்துவிடுகிறது.

வீட்டிலேயே சோதிக்கலாம். குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதன் கண்ணில் படாமல், தரை அதிராமல், காற்று படாமல் பின்னாலிருந்து தட்டைத் தட்ட வேண்டும். காது திரும்பவில்லை என்றால் சந்தேகப்படலாம். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இந்தச் சோதனையில் தெரியாது.

காது கேட்காத நாயையும் நன்றாகப் பழக்கலாம். கை அசைவுதான் அதற்கு மொழி. உள்ளங்கையைக் காட்டினால் ‘நில்’, கையை மார்புக்கு இழுத்தால் ‘வா’ என்று வீட்டில் எல்லோரும் ஒரே சைகையைப் பயன்படுத்த வேண்டும். இருட்டில் டார்ச் வெளிச்சத்தை ஒரு முறை அடித்துக் கூப்பிடலாம். தூங்கும்போது தொடக் கூடாது. தரையைக் காலால் தட்டி அதிரச் செய்ய வேண்டும், அல்லது மூக்கருகே கையை நீட்டி வாசம் பிடிக்க விட வேண்டும். சீறுவது குணக்கேடு இல்லை, திடுக்கிட்டு எழுவதுதான். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும். வண்டி வருவது கேட்காது என்பதால் வேலிக்கு வெளியே கயிறில்லாமல் விடக் கூடாது. வெயிலில் வெள்ளைத் தோல் எளிதில் பொசுங்கும், நிழல் கட்டாயம். இந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விட வேண்டாம். குட்டிகளுக்கும் குறை தொடரும்.

“பன்னிரண்டு வயது நாய். இரவில் காரணமில்லாமல் ஊளையிடுகிறது, படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விடுகிறது. வலிக்கிறதோ என்று எங்களுக்கு வாங்கிய வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?”
– திருத்துறைப்பூண்டி பகுதி வாசகர்

கொடுக்கவே கூடாது. மனிதர்களுக்கான பாரசிட்டமால், புரூபன், டைகுளோபினாக் மாத்திரைகள் நாயின் ஈரலையோ குடலையோ சிறுநீரகத்தையோ கெடுத்துவிடும். நாய்களுக்கென்று வலி மருந்து தனியாக இருக்கிறது. கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தருவார். சிறுநீர் அடக்க முடியாததற்கு மூட்டுவலி, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் என்று பல காரணங்கள் இருக்கலாம், சோதித்துப் பார்க்க வேண்டும்.

வயதான நாய்க்கு மனிதர்களுக்கு வருவது போலவே தடுமாற்றமும் வரும். இருட்டில் இடம் புரியாமல் ஊளையிடும். திட்டுவதால் பயனில்லை. படுக்கையை வீட்டு ஆட்களின் அருகில், ஈரம் ஏறாத இடத்தில் இரட்டைச் சாக்கு விரித்துப் போட வேண்டும். ஒரு சின்ன விளக்கு எரியட்டும். தண்ணீர் நாலடிக்குள் இருக்கட்டும். படுக்கும் முன் ஒரு முறையும் விடியற்காலையில் ஒரு முறையும் மெதுவாக வெளியே கூட்டிப்போனால் படுக்கை நனைவது குறையும். காலம் பூராவும் களத்தைக் காத்த நாய்க்கு, இந்தக் கடைசிக் காலத்தில் இவ்வளவும் செய்வது பெரிய வேலை இல்லை.

ஐந்து வீட்டு நாய்களுக்கும் ஐந்து விதமான தேவை. ஒன்றுக்குச் சங்கிலியிலிருந்து விடுதலை, ஒன்றுக்குத் தாய்மடியில் இன்னும் சில வாரம், ஒன்றுக்கு ஓட்டம், ஒன்றுக்குக் கைச்சைகை, ஒன்றுக்கு ஒரு சாக்கும் விளக்கும். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் இன்று சாயங்காலம் பத்து நிமிடம் எதுவும் செய்யாமல் தள்ளி உட்கார்ந்து, அதன் வாலையும் காதையும் கண்ணையும் கவனித்தால், தங்கள் நாய்க்கு எது குறைகிறது என்பது தெரிய ஆரம்பிக்கும்.